விடை தெரிந்தும் ‘தெரியாது’ என்று சொல்லும் பிள்ளை

வகுப்பில் பாடத்தை வரிசையாக வாசிக்கச் சொல்லும் நாட்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பத்தி. முதல் பெஞ்சில் இருப்பவன் எழுந்து நின்றதுமே நான் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுவேன். எனக்கு முன்னால் ஆறு பேர். அப்படியானால் ஏழாவது பத்தி என்னுடையது. விரல் வைத்து அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்து, அதில் ‘ப’வில் தொடங்கும் சொற்கள் எத்தனை, ‘க’வில் தொடங்குபவை எத்தனை என்று பார்ப்பேன். முதல் சொல்லே ‘பறவைகள்’. போச்சு. வாயைத் திறக்காமலே அந்தச் சொல்லைப் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பேன். அதற்குள் யாரோ ஒருவன் நன்றாக வாசிக்கிறான் என்று ஆசிரியர் அவனையே அடுத்த பத்தியையும் வாசிக்கச் சொல்லிவிடுவார். என் கணக்கு மொத்தமும் சரிந்துவிடும். மறுபடி எண்ணு, மறுபடி தேடு, மறுபடி ஒத்திகை.

என் முறை வரும். வாசித்தேன் என்றும் சொல்ல முடியாது, வாசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எப்படியோ முடித்து உட்காருவேன். கடைசியில் ஆசிரியர் என்னைப் பார்த்துக் கேட்பார்: “முதல் பத்தியில என்ன சொல்லியிருக்கு?” சத்தியமாக எனக்குத் தெரியாது. மற்றவர்கள் வாசித்த எதுவும் என் காதில் ஏறவே இல்லை. “கவனம் எங்கே இருக்கு?” என்பார். கவனம் இருந்தது. என் பத்தியின் முதல் எழுத்தில் இருந்தது.

திக்கிப் பேசுவது குழந்தையின் படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். திக்கலுக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் திக்கல் வெளியே தெரியாமல் இருக்க அந்தக் குழந்தை ஓயாமல் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. படிப்பைத் தின்பது அந்த வேலை. தன்னைப் பற்றிக் குழந்தை என்ன நினைக்கிறது என்பதையும் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

திக்கல் என்றால் என்ன

பேச்சில் தடங்கல் எல்லோருக்கும் வரும். “அது வந்து... என்ன சொல்ல வந்தேன்னா...” என்று இழுக்காதவர் யார்? 2, 3 வயதில் குழந்தைகள் “எனக்கு எனக்கு பந்து வேணும்” என்று சொல்லைத் திருப்பிச் சொல்வதும் சாதாரணம். சொல்ல நினைப்பது மலையளவு, சொல்லத் தெரிந்தது கையளவு இருக்கும் வயது அது.

திக்கல் வேறு மாதிரி. சொல்லின் தொடக்க ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வரும்: “ப-ப-ப-பந்து.” அல்லது ஒலி நீண்டுகொண்டே போகும்: “ம்ம்ம்ம்மழை.” மூன்றாவது வகை அடைப்பு. உதடு சேர்ந்துவிட்டது, நாக்கு அதன் இடத்துக்குப் போய்விட்டது, ஆனால் சத்தம் வரவில்லை. உள்ளே கதவைப் பூட்டிவிட்ட மாதிரி இருக்கும். இந்த மூன்றில் வெளியாட்களுக்குப் புரியாததும் குழந்தைக்கு அதிகம் வலிப்பதும் அடைப்புதான். காரணம் எளிது: சத்தம் எதுவும் இல்லாததால் அது திக்கல் மாதிரியே தெரியாது. யோசிக்கிற மாதிரி, மறந்துபோன மாதிரி, விடை தெரியாமல் முழிக்கிற மாதிரி தெரியும். பெயர் என்ன என்று யாரோ கேட்கிறார்கள், தன் பெயரின் முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டு குழந்தை நிற்கிறது. “பேரே மறந்துபோச்சா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கேட்டவர் கெட்டவர் இல்லை. திக்குபவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

அடைப்பிலிருந்து வெளியேறக் குழந்தை உடம்பையும் துணைக்குக் கூப்பிடும். கண்ணை இறுக மூடும், தலையை வெட்டி அசைக்கும், தொடையில் தட்டும், காலால் தரையை உதைக்கும். முதல் தடவை தற்செயலாக அது உதவியிருக்கும். அப்புறம் உதவாவிட்டாலும் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

இது பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. குழந்தைகளில் 100க்கு 5 பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பேருக்கு அது காலப்போக்கில் போய்விடுகிறது. திக்கல் போகாமல் நிலைத்துவிடுபவர்கள் உலக மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம். தொடக்கத்தில் ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இருக்காது. ஆனால் பெண் குழந்தைகளுக்குத் தானாகச் சரியாவது அதிகம் என்பதால், பெரியவர்களில் திக்கும் ஆண்கள் பெண்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கிறார்கள்.

காரணம் வாயில் இல்லை. நாக்கு தடிமன் என்பதும் இல்லை. பேச்சுக்கு வேண்டிய அசைவுகளை நேரம் தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் மூளைப் பாதைகளில், முக்கியமாக இடது பாதியில், இவர்களுக்குச் சில வித்தியாசங்கள் இருப்பதை மூளையைப் படமெடுக்கும் ஆய்வுகள் காட்டுகின்றன. பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. 2010இல் டென்னிஸ் டிரெய்னா என்ற அமெரிக்க மரபியலாளரின் குழு திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை முதன்முதலாக அடையாளம் கண்டது. எதையோ பார்த்துப் பயந்ததால் வந்தது, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துத் தொற்றிக்கொண்டது, அம்மா அதிகம் கண்டித்ததால் வந்தது என்பதெல்லாம் நாம் கட்டிய கதைகள். பதற்றம் திக்கலைக் கூட்டும், உண்மை. அதை உண்டாக்காது.

‘திக்குவாய்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குழந்தை எப்போதாவது செய்யும் ஒன்றை எடுத்து அதன் வாய்க்கே பெயராக வைத்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் அது அந்தக் குழந்தைக்கே பெயராகிவிடுகிறது. பாவம், அந்த வாயில் ஒரு கோளாறும் இல்லை. அதனால் நான் ‘திக்கல்’ என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

கால் ஒடிந்தவன் நேற்று நொண்டினால் இன்றும் நொண்டுவான். திக்கல் அப்படி இல்லை. பெரும்பாலோருக்குத் தனியாகப் பேசும்போது வராது. பூனைக்குட்டியோடு பேசும்போது வராது. பாடும்போது வராது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தால் பெரும்பாலோருக்கு அறவே வராது. திங்கட்கிழமை தண்ணீர் ஓடுவது மாதிரிப் பேசிய குழந்தை புதன்கிழமை “வணக்கம்” சொல்ல முடியாமல் நிற்கும்.

பெரியவர்கள் இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: “நினைச்சா நல்லாப் பேசுவான். கொஞ்சம் முயற்சி பண்ணணும், அவ்வளவுதான்.” பார்ப்பவருக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். நான் கவலைப்படுவது குழந்தையும் அதே முடிவுக்கு வருவதைப் பற்றி. நேற்று முடிந்தது, இன்று முடியவில்லை என்றால் தப்பு என்னுடையதுதானே? நான் ஒழுங்காக முயற்சி பண்ணவில்லை, நான் பயந்தாங்கொள்ளி, என்னிடம்தான் ஏதோ சரியில்லை. ஒரே சீராக இருக்கும் குறையைக் குழந்தை தன் உடம்பின் விஷயமாக எடுத்துக்கொள்ளும். வந்து வந்து போகும் குறையைத் தன் குணத்தின் விஷயமாக எடுத்துக்கொள்ளும். திக்கல் தன்மதிப்பைத் தொடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

“மெதுவாப் பேசு”, “மூச்சு இழுத்து விட்டுட்டுச் சொல்லு”, “யோசிச்சுப் பேசு” என்று அன்பாகச் சொல்வதும் அதையேதான் சொல்கிறது: நீ இப்போது செய்தது தப்பு, சரியாகச் செய்வது உன் கையில் இருக்கிறது. “இன்னைக்குத் திக்காமப் பேசினியே, சமத்து!” என்ற பாராட்டிலும் இதே முள் உண்டு. நாளை திக்கினால் சமத்து இல்லையா? (சின்னக் குழந்தைகளுக்கான லிட்கம் என்ற சிகிச்சை முறையில் பெற்றோர் சரளமான பேச்சைப் பாராட்டுவது ஓர் அங்கம்தான். ஆனால் அது பேச்சு சிகிச்சையாளர் எப்போது, எத்தனை தடவை, எந்தச் சொற்களில் என்று சொல்லிக்கொடுத்து வாரம்தோறும் கவனித்து நடத்துவது. விருந்தினர் முன்னால் வாய்க்கு வந்தபடி பாராட்டுவது வேறு.)

தண்ணீருக்கு அடியில் இருப்பது

குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது, நாமாகச் சொல்லித்தான் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் இரண்டு கைப்பொம்மைகளைக் காட்டினார்கள். ஒன்று திக்கிப் பேசும், மற்றது சரளமாகப் பேசும். வித்தியாசத்தை 3 வயதிலேயே சில குழந்தைகள் கண்டுபிடித்தார்கள். 5 வயதில் பெரும்பாலோர் கண்டுபிடித்தார்கள். அதைவிட முக்கியம், 4 வயதளவிலேயே திக்கும் பொம்மையின் பேச்சு நன்றாக இல்லை என்று மதிப்பிடத் தொடங்கியிருந்தார்கள். பள்ளியில் சேரும்போதே அந்தப் பார்வையோடுதான் வருகிறார்கள். திக்கும் குழந்தையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதே பார்வையோடு.

ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். அவரும் திக்கியவர்தான். நமக்குக் கேட்கும் “ப-ப-ப” தண்ணீருக்கு மேலே தெரியும் சின்ன நுனி. கீழே இருப்பவை வெட்கம், பயம், குற்ற உணர்வு, தவிர்ப்பு. மேலே எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து அடியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நன்றாகத் திக்கிக்கொண்டே கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொல்லும் குழந்தை உண்டு. ஒரு தடவைகூடத் திக்காத, ஏனென்றால் வாயையே திறக்காத, குழந்தையும் உண்டு. இரண்டாவது குழந்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அமைதியான பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கும்.

இப்படி மறைப்பதற்குப் பெரிய திறமை வேண்டும். சொல்லப்போகும் வாக்கியத்தில் எந்தச் சொல் அடைக்கும் என்று நான்கு சொல் முன்னதாகவே குழந்தைக்குத் தெரிந்துவிடும். உடனே வேறு சொல்லைப் போடும். ‘புத்தகம்’ வராது என்று தெரிந்தால் ‘நூல்’. பத்து வயதுப் பையன் “என் நூலைக் காணோம்” என்றால் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். திக்கியதற்குச் சிரிப்பதைவிட இது பரவாயில்லை என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். ‘தண்ணி’ வராவிட்டால் “குடிக்கணும்”. அதுவும் வராவிட்டால் தாகத்தோடே இருந்துவிடுவது. மாற்றுச் சொல் இல்லாதவை உலகத்தில் சில உண்டு: தன் பெயர், ஊரின் பெயர், எண்கள். திக்குபவர்கள் தங்கள் பெயரில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி வயதில் திக்கும் குழந்தைகளின் பொதுவான தன்மதிப்பை அளந்த ஆய்வுகள் சிலவற்றில், அது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இல்லை. நான் நன்றாக ஓடுவேன், நன்றாக வரைவேன், அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும் என்பதையெல்லாம் திக்கல் தானாக அழித்துவிடுவதில்லை. அடி விழுவது குறிப்பிட்ட ஓர் இடத்தில்: பேசுபவன் என்ற முறையில் தன்னைப் பற்றிய எண்ணம். “பேசுவது எனக்கு எளிது”, “மற்றவர்களுக்கு என் பேச்சு பிடிக்கும்” என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்து ஆமாவா இல்லையா என்று கேட்கும் சோதனைகளில் திக்கும் குழந்தைகள் தெளிவாகவே பின்தங்குகிறார்கள். பள்ளிக்கு முந்தைய வயதிலேயே இந்த இடைவெளி தெரிகிறது. பிரச்சினை என்னவென்றால் பள்ளி பேச்சால் நடக்கும் இடம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோமே, அந்தக் கணக்கு வகுப்பறையில் தினமும் ஏழெட்டுத் தடவை நடக்கிறது. அதனால் ‘பேச்சு எனக்கு வராது’ என்பது மெல்ல மெல்ல ‘படிப்பு எனக்கு வராது’ என்றாகிவிட இடம் இருக்கிறது.

வரலாற்றில் இதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டெல் ஜான்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில், மேரி டியூடர் என்ற மாணவி டேவன்போர்ட் நகர அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். ‘உனக்குத் திக்கல் இருக்கிறது’ என்று பெரியவர்கள் முத்திரை குத்துவதால்தான் திக்கல் வருகிறது என்பது ஜான்சனின் எண்ணம். எனவே நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 6 குழந்தைகளிடம், உங்களுக்குத் திக்கத் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே பேசாதீர்கள் என்று சொல்லப்பட்டது. பின்னால் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் திக்கல் வந்ததற்குச் சான்று இல்லை என்றார்கள். ஆனால் வேறொன்று வந்தது. அவர்கள் பேசத் தயங்கினார்கள், ஒதுங்கினார்கள், சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். இந்தக் கதை 2001இல்தான் வெளியே பரவலாகத் தெரிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் இழப்பீடு கொடுத்தது.

எனக்கு இதில் கவனிக்கத் தக்கது எதுவென்றால், திக்கலே இல்லாத பிள்ளைகளிடம்கூட, திக்கலைப் பற்றிய பயம் மட்டும் தனியாக வந்து உட்கார்ந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. ஜான்சனின் கருத்தால் இன்னொரு தீங்கும் நடந்தது. குழந்தை முன்னால் திக்கலைப் பற்றி மூச்சுகூட விடாதீர்கள் என்ற அறிவுரை பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாருமே பேசாமல் இருந்தால், அது பேசவே கூடாத அளவுக்கு அசிங்கம் என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

வகுப்பில் என்ன இழக்கிறது

“ஏழெட்டு எவ்வளவு?” என்கிறார் ஆசிரியர். விடை 56 என்று குழந்தைக்கு நொடியில் தெரிந்துவிட்டது. ‘ஐம்பத்தாறு’ வாயில் அடைக்கிறது. எண்ணுக்கு மாற்றுச் சொல் கிடையாது. எது சுலபமாக வருகிறதோ அதைச் சொல்லிவிடலாம்: ‘அறுபது’. அல்லது ‘தெரியாது’. இரண்டில் எதைச் சொன்னாலும் ஆசிரியரின் நோட்டில் ஒரே குறிதான் விழும். இது ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. நாள்தோறும் நடந்தால் ஆசிரியரின் மனதில் அந்தக் குழந்தைக்கு ஓர் இடம் முடிவாகிவிடுகிறது. அப்புறம் அதற்கு வரும் கேள்விகளும் எளிதாகிவிடும், அல்லது வராமலே போய்விடும். கருணையால்தான், சரி. ஆனால் கடினமான கேள்வியே வராத குழந்தை கடினமானதை எப்போது கற்றுக்கொள்ளும்?

விடை சொல்லாததைவிடப் பெரிய நஷ்டம் கேள்வி கேட்காதது. பின்னங்களைக் கூட்டும்போது கீழே உள்ள எண்ணை ஏன் கூட்டக் கூடாது என்று புரியவில்லை. அதைக் கேட்க ஒரு முழு வாக்கியம் வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்றால் தலையாட்ட ஒரு சொல்கூட வேண்டாம். தலையாட்டிவிடுகிறது. அந்த ஓட்டை அடுத்த வகுப்பிலும் அதற்கடுத்த வகுப்பிலும் கூடவே வரும், அப்போது யாருக்கும் அது திக்கலால் வந்தது என்று தோன்றாது.

வாசிப்பை அளக்கும் முறையும் ஒரு வம்பு. நிமிடத்துக்கு எத்தனை சொல் சத்தமாக வாசிக்கிறது என்று கணக்கெடுத்து வாசிப்புத் திறனைத் தீர்மானிப்பது பல இடங்களில் வழக்கம். திக்கும் குழந்தை கண்ணால் வேகமாக, பொருள் புரிந்து வாசிக்கலாம். வாயால் அந்த வேகம் வராது. நேரத்தைப் பார்த்து மதிப்பிட்டால் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை என்ற முத்திரை விழுந்துவிடும். மௌனமாக வாசிக்கச் சொல்லிக் கேள்வி கொடுத்துப் பாருங்கள், வேறு குழந்தை தெரியும்.

சக மாணவர்கள் பக்கம் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. பிரிட்டனில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், திக்கும் மாணவர்கள் 16 பேரை அவர்களது வகுப்புத் தோழர்களே மதிப்பிட்டார்கள். மற்றவர்களைவிட இவர்கள் அதிகம் ஒதுக்கப்பட்டார்கள்; தலைமை தாங்குவார்கள் என்று இவர்களைச் சொன்னவர்கள் குறைவு; கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாகிறவர்கள் என்று சொன்னவர்கள் அதிகம். குழு வேலை கொடுத்தால் இது கண்ணெதிரே நடக்கும். அட்டையில் வண்ணம் அடிக்கும் வேலை திக்கும் பிள்ளைக்கு, முன்னால் நின்று விளக்கும் வேலை இன்னொருவருக்கு. வேலையை முழுக்கச் செய்தது யாராக இருந்தாலும், பேசியவருடைய வேலையாகத்தான் அது எல்லோருக்கும் தெரியும்.

பெரியவர்கள் செய்யக்கூடியது

முதலில் காத்திருங்கள். குழந்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மூன்று நொடி உங்களுக்கு முப்பது நொடி மாதிரி இருக்கும். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். பார்வையை வேறு பக்கம் திருப்பாதீர்கள், உற்றும் பார்க்காதீர்கள். சாதாரணமாக ஒருவர் பேசும்போது எப்படிப் பார்ப்பீர்களோ அப்படி. பேசி முடித்ததும், எப்படிச் சொன்னது என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். மெதுவாகப் பேசு என்று சொல்வதற்குப் பதில் நீங்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வழக்கம் இருந்தால் அதைக் குறைத்தால்கூடப் பெரிய உதவி.

திக்கலைப் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும். “அந்தச் சொல் மாட்டிக்கிச்சு, இல்ல? பரவாயில்லை, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்பது போதும். தடுக்கி விழுந்த முட்டியைப் பற்றிப் பேசும் அதே குரலில் சொல்ல வேண்டும்.

பேச்சு சிகிச்சையாளரை எப்போது பார்ப்பது? குடும்பத்தில் பெரியவர்கள் யாருக்காவது திக்கல் நிலைத்திருந்தால், தொடங்கி ஆறு மாதம் ஓராண்டு ஆகியும் குறையாமல் இருந்தால், பேசும்போது முகத்திலும் கழுத்திலும் இறுக்கம் தெரிந்தால், குழந்தை பேச்சைத் தவிர்க்கத் தொடங்கினால் தாமதிக்க வேண்டாம். வளர வளரச் சரியாகிவிடும் என்பது நிறையப் பேருக்கு உண்மைதான். ஆனால் உங்கள் குழந்தை அந்த நிறையப் பேரில் ஒன்றா என்று முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சின்ன வயதில் சிகிச்சையால் திக்கல் முற்றிலும் போவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பள்ளி வயதுக்குப் பிறகு இலக்கு கொஞ்சம் மாறும்: இறுக்கமில்லாமல் திக்குவது, சொல் மாற்றாமல் நினைத்த சொல்லையே சொல்வது, பயப்படும் இடங்களில் பேசிப் பழகுவது. வேண்டுமென்றே திக்கிப் பார்க்கச் சொல்லும் பயிற்சிகூட உண்டு. பெற்றோருக்கு அது கேட்கவே விபரீதமாக இருக்கும். ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று குழந்தைக்குக் காட்ட அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் முழுக்கக் குணமாக்குவோம் என்று உத்தரவாதம் தருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல நிறைய இல்லை, ஒன்றே ஒன்றுதான்: குழந்தையையே கேளுங்கள், தனியாகக் கூப்பிட்டு. வாய்வழித் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமா? முதலில் பேச விருப்பமா, கடைசியிலா? பேசுவதிலிருந்து மொத்தமாக விலக்கு அளிப்பது இரக்கம் மாதிரி தெரிந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘உன்னால் முடியாது’ என்பதை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அது.

எனக்கு அப்படிக் கேட்ட ஆசிரியர் ஒருவர் வாய்த்தார், கொஞ்சம் தாமதமாக. ஒரு நாள் வகுப்பு தொடங்கும் முன் என் மேஜை அருகே குனிந்து, “வாசிக்கிறப்ப உனக்கு எப்படி வசதி? முதல்லயா, கடைசியிலா, யாரோடயாவது சேர்ந்தா?” என்றார். அதுவரை அப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. முதலில் என்றேன். அன்று முதல் பத்தியை நான் வாசித்தேன். நான்கு இடத்தில் அடைத்தது, ஒரு இடத்தில் நன்றாகவே. அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடித்து உட்கார்ந்தேன். எண்ணுவதற்குத் தலை எதுவும் மிச்சம் இல்லை, தேடுவதற்குப் பத்தியும் இல்லை. பின்னால் இருந்தவன் வாசிக்கத் தொடங்கினான். பாடம் திமிங்கிலங்களைப் பற்றியது. அவை மீன்கள் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுப்பவை, எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும் என்று அவன் வாசித்தது இன்றைக்கும் அவன் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.